187 கட்டுரைகள் என்றால் பெரிய ஆளா?

நீங்கள் கேட்டிருப்பது எண்ணைப் பற்றி. நீங்கள் தங்கச்சிமடத்துக்காரர், உயிர்த்தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி. முடித்தவர், ஒரு பேராசிரியர் உங்களை முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், செல் மற்றும் மூலக்கூறு உயிரியலில் 16 ஆண்டுகளில் 187 கட்டுரைகள், ஹெச்-இண்டெக்ஸ் 34 என்று அவருடைய பக்கத்தில் போட்டிருக்கிறது, கடற்பாசிச் சாறு புற்றுநோய்ச் செல்லை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. "இவர் பெரிய ஆளா என்று படகு வைத்திருக்கும் அப்பா கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். அப்பா கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். இந்த மனிதரை நம்பி மகள் ஐந்து வருடத்தைக் கொடுக்கலாமா என்கிறார். அதற்குப் பட்டியல் பாதிப் பதில்தான் சொல்லும். அந்தப் பாதியைப் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன். மண்டபத்தில் பிறந்து, செல் உயிரியல் ஆய்வகங்களில் 22 ஆண்டுகள் கழித்தவன் நான். பேராசிரியரின் பெயரை நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். அவருடைய பட்டியலை நான் பார்க்கவில்லை, ஆகவே அவரைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இதில் இருக்காது.

முதலில் வகுத்தல் கணக்கு. 187ஐ 16ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12, அதாவது மாதம் ஒன்று. ஒரு புரதம் செல்லுக்குள் எங்கே போகிறது, அதைத் தடுத்தால் என்ன ஆகிறது என்று ஒழுங்காகக் காட்டும் ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கும். அப்படியானால் மாதம் ஒன்று எப்படி வருகிறது? நேர்மையான வழிகளும் உண்டு. 20 பேர் வேலை செய்யும் பெரிய ஆய்வகமாக இருக்கலாம். மருத்துவமனைகளோடு கூட்டு இருக்கலாம். அரிய கருவி ஒன்றை வைத்துக்கொண்டு பல குழுக்களுக்கு அளந்து கொடுப்பவராக இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒருவரைச் சந்தேகிப்பதும் வியப்பதும் ஒரே தவறுதான். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: விசைப்படகு கரைக்கு வந்ததும் மொத்தம் எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டா வியாபாரி ஏலம் எடுக்கிறார்? இறால் எவ்வளவு, நண்டு எவ்வளவு, கணவாய் எவ்வளவு, கழிசல் எவ்வளவு என்று கூடையைக் கிளறிப் பார்க்கிறார். தீவன மாவுக்குப் போகும் கழிசலும் கிலோக் கணக்கில்தான் சேருகிறது.

ஆகவே 187ஐக் கிளறுங்கள். அதில் புதிதாகச் சோதனை செய்து எழுதியவை எத்தனை, பிறர் வேலையைத் தொகுத்து எழுதிய மறுஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, மாநாட்டுச் சுருக்கங்கள் எத்தனை, ஆசிரியருக்குக் கடிதங்கள் எத்தனை என்று பிரியுங்கள். மறுஆய்வுக் கட்டுரை எழுதுவது குற்றமல்ல. நல்லதாக இருந்தால் ஒரு துறைக்கே கைவிளக்கு. ஆனால் ஆய்வகத்தில் பிப்பெட்டைத் தொடாமலேயே அதை எழுத முடியும், அதற்கு மேற்கோள்களும், அதாவது பிறர் தங்கள் கட்டுரையில் அதைச் சுட்டுவதும், அதிகம் விழும். இரண்டையும் ஒரே குவியலில் போட்டு எண்ணினால் கணக்கு ஏமாற்றும்.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம் தீர வேண்டும்: அந்த 187ம் அவருடையவைதானா? இது நம் ஊர்ப் பெயர்களால் வரும் சிக்கல். வெளிநாட்டுத் தரவுத்தளங்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. பப்மெட் என்ற மருத்துவ, உயிரியல் கட்டுரைத் தரவுத்தளத்தில் 'முருகன் கே' என்று தேடினால் மதுரைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், அமெரிக்காவில் குடியேறியவர் என்று எல்லா முருகன்களும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். கீழக்கரைப் பக்கத்து முகமதுகளுக்கும் பாம்பன் ஃபெர்னாண்டோக்களுக்கும் இதே கதிதான். கூகுள் ஸ்காலர் தானாகவே சேர்க்கும் பட்டியலில் அடுத்தவர் கட்டுரை வந்து ஒட்டிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் பக்கத்திலேயே ஒரு பல் மருத்துவருடைய கட்டுரை இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது. பெண்களுக்கு இது தலைகீழாக நடக்கும். கல்யாணத்துக்குப் பின் அப்பாவின் முதலெழுத்து போய்க் கணவரின் முதலெழுத்து வந்தால், ஒரே ஆளின் உழைப்பு இரண்டு பெயர்களில் உடைந்துபோகும். இதற்காகத்தான் 2012இல் ஆர்கிட் எண் வந்தது: 16 இலக்கம், இலவசம், ஆளுக்கு ஒன்று. பேராசிரியருக்கு அது இருந்தால் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். நீங்களும் முதல் கட்டுரைக்கு முன்பே ஒன்று வாங்கிவிடுங்கள். பெயரை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்தால் பிறகு மாற்றாதீர்கள்.

அடுத்தது பெயர்களின் வரிசை. எங்கள் துறையில் முதலில் நிற்பவர் சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தவர், கடைசியில் நிற்பவர் ஆய்வகத்தின் தலைவர். நடுவில் நிற்பவர்களின் பங்கு பலவாறாக இருக்கும்: ஒரு படம் எடுத்தவரும் உண்டு, ஒரு புட்டி மருந்து கொடுத்தவரும் உண்டு. செல் தன்னைத் தானே தின்று சுத்தம் செய்யும் முறையை ஆராய்ந்ததற்காக 2016இல் தனியொருவராக நோபல் பெற்ற யோஷினோரி ஓசுமியின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று 1993இல் வந்தது. அதில் முதல் பெயர் அவருடைய மாணவர் ட்சுகாடாவுடையது, ஓசுமி இரண்டாவதாகவும் கடைசியாகவும் நிற்கிறார். வேலை செய்தவர் முன்னால், வழிகாட்டியவர் பின்னால். உங்கள் பேராசிரியரின் பட்டியலில் மாணவர்கள் முதலிடத்திலும் அவர் கடைசியிலும் நின்றால் நல்ல அறிகுறி. பெரும்பாலானவற்றில் அவர் நடுவில் இருந்தால் அவை அவர் வழிநடத்திய ஆய்வுகள் அல்ல. சொந்த ஆய்வகக் கட்டுரைகளில் அவரே முதலிலும் நின்று மாணவர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ ஒதுங்கி இருந்தால், நாளை நீங்கள் நிற்கப்போகும் இடமும் அதுதான்.

இதழின் பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். நான் சொன்ன ஓசுமி கட்டுரை வந்தது ஃபெப்ஸ் லெட்டர்ஸ் என்ற அடக்கமான இதழில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் எழுதிய 1963ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் ஐந்து பக்கம். இன்றும் புரத வடிவம் ஒன்றை யார் எங்கே தீர்மானித்தாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்காமல் விடுவதில்லை. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி. அது இதழின் அளவு, கட்டுரையின் அளவு அல்ல. அதை வைத்து ஆட்களை அளக்க வேண்டாம் என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012இல் ஓர் அறிக்கையே எழுதினார்கள். தொடங்கி வைத்தது செல் உயிரியலாளர்களின் ஆண்டுக் கூட்டம்தான். மறுபக்கம், காசு கட்டினால் நான்கு நாளில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று அனுப்பும் இதழ்களும் ஏராளம். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த விதி அந்தக் கடைகளுக்கு நல்ல தீனி போட்டது. 2022இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாம், சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெச்-இண்டெக்ஸ் 34 என்றால் 34 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 34 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டாலும் இது ஏறும். மேற்கோள் பயன்பாட்டைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. உலகிலேயே மிக அதிகமாக, மூன்று லட்சம் முறைக்கு மேல், மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 1951இல் லோரியும் மற்றவர்களும் எழுதியது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று நீல நிறத்தை வைத்து அளக்கும் முறை அது. சமையலறையில் தராசு மாதிரி, எல்லோருக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். இங்கேதான் நம் கரையும் வருகிறது. 'மண்டபம் கடற்கரையில் சேகரிக்கப்பட்டது' என்ற வரி எத்தனை கட்டுரைகளில் இருக்கிறது என்று எண்ணி மாளாது. கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, பக்கோடாப் பாசி என்று நம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பறிக்கும் அத்தனையும் யாரோ ஒருவர் ஆய்வகத்தில் மெத்தனாலில் ஊறியிருக்கிறது. பிறகு பெரும்பாலும் ஒரே சடங்கு: எம்.டி.டி. சோதனை. மோஸ்மன் 1983இல் கொண்டுவந்தது. மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்துவிட்டது என்று கணக்கு. எளிது, மலிவு, ஒரு நாளில் முடியும். ஆனால் அந்தச் சாயம் செல்லின் உயிரை நேராக அளப்பதில்லை, செல்லின் வளர்சிதை வேலையைத்தான் அளக்கிறது. வேலை மந்தமான செல்லும் செத்த செல்லாகத் தெரியும். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் நிறைந்திருக்கும் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாத சோதனைத் தட்டின் குழியிலும் மஞ்சளை ஊதாவாக்கக் கூடியவை. எனவே செல் போடாமல் சாறு மட்டும் போட்ட குழி ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்தார்களா, புற்று அல்லாத செல்லில் இதே அளவு சாறு என்ன செய்தது, எந்த மூலக்கூறு வேலை செய்கிறது என்று பிரித்தெடுத்தார்களா என்று பாருங்கள். மில்லிலிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம் ஊற்றினால் பலவும் செல்லைக் கொல்லும். நம் வீட்டு மிளகு ரசமும் கொல்லக்கூடும். ஒரு பாசி, ஒரு செல், ஒரு எம்.டி.டி. என்று முடிந்த கட்டுரைகள் 40 இருந்தால், அது 40 கேள்விகளுக்கான பதில் அல்ல. ஒரே கேள்வியை 40 முறை கேட்டது.

கடலிலிருந்து மருந்தே வராது என்று சொல்கிறேனா? இல்லை. கரீபியன் கடற்பஞ்சு ஒன்றில் 1950களில் கண்ட நியூக்ளியோசைடுகளைப் பின்பற்றி உருவானதுதான் இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் சைடராபின். 1969இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஜப்பானியக் கடற்பஞ்சில் 1980களின் நடுவில் கண்ட ஹாலிகாண்ட்ரின் என்ற பொருளிலிருந்து எரிபுலின் என்ற புற்றுநோய் மருந்து வந்துசேர 2010 ஆயிற்று. அந்த வழியில் போகிறவர்களின் பட்டியலைப் பார்த்தால் தெரியும்: ஒரே மூலக்கூறு, ஆண்டுக்கு ஆண்டு ஒரு படி. முதலில் பிரித்தெடுத்தது, பிறகு வடிவம், பிறகு செல்லில் எதைப் பிடிக்கிறது, பிறகு எலி. உங்கள் பேராசிரியரின் 187இல் அப்படி ஒரு கொடி ஓடுகிறதா என்று தேடுங்கள். ஐந்தாறு கட்டுரைகளாவது ஒன்றன் கையைப் பிடித்து ஒன்று போக வேண்டும். இன்னொன்று, அவர் கடல் அட்டையிலும் வேலை செய்திருந்தால் அனுமதி விவரம் கட்டுரையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2001இலிருந்து அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். படகில் ஒன்று கிடந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆய்வாளருக்கும் சட்டம் அதேதான்.

செல்லின் பெயரையும் சோதியுங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது கே.பி. என்ற செல் லைனை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகையை, வாய்ப் புற்றுநோய்ச் செல் என்று நம்பி மூன்று ஆண்டுகள் வளர்த்தேன். வெற்றிலை, புகையிலை, வாய்ப் புற்று என்று முன்னுரை எழுதி ஒரு கட்டுரையும் போட்டோம். பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஆய்வகத்தில் மரபணு அடையாளச் சோதனைக்கு அனுப்பியபோது முடிவு வந்தது: ஹீலா. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரைக் கேட்காமலேயே எடுத்த செல். அது மற்ற புட்டிகளுக்குள் புகுந்து அங்கிருப்பதைத் தின்று தீர்க்கும் வேகத்தில் வளரும். இப்படிப் பல செல்கள் உண்மையில் ஹீலா என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966லேயே எச்சரித்துவிட்டார். நான் படிக்கவில்லை, எனக்குச் சொல்லவும் யாரும் இல்லை. ஹெப்-2, சாங் லிவர் இரண்டும் இதே வகை. திருத்தம் வெளியிடலாம் என்று கேட்டேன், இணை ஆசிரியர்கள் இருவர் ஒப்பவில்லை, நானும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். அந்தக் கட்டுரை இன்றும் என் பட்டியலில் ஒரு எண்ணாக நிற்கிறது. எண்ணுகிறவருக்கு அது மற்றவற்றைப் போல ஒன்றுதான்.

படங்களைப் பார்ப்பது கொஞ்சம் கண் பழக வேண்டிய வேலை. ஒரு புரதம் இருக்கிறதா, எவ்வளவு என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் என்பது சாம்பல் பின்னணியில் கண்மை தீற்றியது போன்ற கறுப்புப் பட்டைகள். கீழ் வரிசையில் ஆக்டின் என்ற புரதம், எல்லாக் குழியிலும் சம அளவு ஊற்றினோம் என்பதற்குச் சாட்சியாக. பட்டையைப் பார்க்காதீர்கள், அழுக்கைப் பாருங்கள். மதிப்பீட்டுக்கு எனக்கு வந்த ஒரு கட்டுரையில் மூன்றாம் பட்டையின் வலது ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு வெண்கோடு. அடுத்த பக்கத்தில் அதே கீறல் இடது ஓரத்தில், வேறு புரதத்தின் பெயரோடு. படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தார்கள், கீறலை மறந்துவிட்டார்கள். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் வேறு இருவரும் சேர்ந்து 40 இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளைக் கண்ணாலேயே பார்த்து 2016இல் எழுதினார்கள்: 3.8 சதவீதத்தில் இப்படிச் சிக்கலான படங்கள் இருந்தன. அவற்றில் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே செய்ததற்கான சாயல் தெரிந்தது. மீதி, கோப்புப் பெயர் மாறியதால் வந்த சாதாரணக் குழப்பமாகவும் இருக்கலாம். அதனால் இதில் உறுதியையும் ஐயத்தையும் பிரித்து வையுங்கள். ஒரே படம் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பது கண்ணால் காணும் உண்மை. ஏன் இருக்கிறது என்பது விசாரிக்காமல் யாருக்கும் தெரியாது. வெளியான கட்டுரைகளைப் பற்றி யாரும் கருத்து எழுதக்கூடிய பப்பியர் தளத்தில் யாரோ எழுதிய குறிப்பு கேள்விதான், தீர்ப்பல்ல. அதற்கு ஆசிரியர்கள் மூலப் படத்தோடு பதில் சொன்னார்களா, மௌனமாக இருந்தார்களா என்பதே கவனிக்க வேண்டியது. திரும்பப் பெற்ற கட்டுரை ஒன்று இருந்தாலும் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். தவறைத் தாமே கண்டு தாமே திரும்பப் பெற்றவர்கள் உண்டு. நான் செய்யாததைச் செய்த அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான்.

பட்டியல் சொல்லாதவையும் இருக்கின்றன. ஜெல்லி மீனின் பச்சை ஒளிப் புரதத்துக்கான மரபணுவை 1992இல் பிரித்தெடுத்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தவர் டக்ளஸ் பிராஷர். அதை வைத்து வேலை செய்த இருவர், புரதத்தை முதலில் கண்ட ஷிமோமுராவோடு சேர்ந்து 2008இல் நோபல் பெற்றபோது, பிராஷர் ஆய்வையே விட்டுவிட்டு ஒரு கார் விற்பனை நிலையத்தின் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பட்டியலை எந்தக் கணிப்பானில் போட்டாலும் அவர் தேற மாட்டார். இதே காரணத்தால், நீளமான பட்டியல் உள்ளவர் மாணவரை எப்படி நடத்துவார், உதவித்தொகை தாமதமானால் கையெழுத்துக்கு அலைய விடுவாரா, பெண் பிள்ளை இரவு ஒன்பது மணிக்குச் செல்லுக்கு உணவு மாற்ற வந்தால் வீடு திரும்ப வழி செய்வாரா என்பதும் அதில் இருக்காது. அதற்கு ஆட்களைத்தான் கேட்க வேண்டும், ஆட்களைக் கண்டுபிடிக்கப் பட்டியல் உதவும்.

இதை இந்த வாரமே செய்யலாம். கடந்த எட்டு ஆண்டுகளில் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரைகளின் முதல் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடி, யார் யார் ஆய்வேடு கொடுத்தார்கள், எந்த ஆண்டு என்று பக்கத்தில் குறியுங்கள். எல்லா ஆய்வேடுகளும் அந்தத் தளத்தில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது, எனவே விடுபட்டவரை ஆய்வகத்தின் பக்கத்திலும் தேடுங்கள். சேர்ந்த ஆண்டும் முடித்த ஆண்டும் தெரிந்தால் உங்களுக்கு எத்தனை வருடம் ஆகும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். முடித்தவர்களில் இருவரிடம் பேசுங்கள். அவர்கள் பரிந்துரைக் கடிதத்துக்காக இன்னும் அவரையே நம்பியிருப்பார்கள், நாவை அளந்துதான் பேசுவார்கள். மூன்று கட்டுரைகளில் முதல் பெயராக நின்று, பிறகு எந்த ஆய்வேட்டிலும் காணாமல் போன ஒருவர் அந்தத் தாளில் இருந்தால் அவரைத் தேடிப் பிடியுங்கள். போனில் கேட்க வேண்டாம். பரமக்குடியிலோ காரைக்குடியிலோ ஏதாவது பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்வாருங்கள்.